நம் கருவி, நம் அமைப்பு

கச்சேரி தொடங்குவதற்கு முன் மிருதங்கக் கலைஞர் தம் வாத்தியத்தைத் தட்டித் தட்டிச் சுருதி சேர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். பூப்பந்து விளையாட்டாளர், தம் மட்டையின் நரம்புகள் எவ்வளவு இறுக்கமாக இருக்கவேண்டும் என்பதைத் தாமே முடிவு செய்வார். ஒரு கருவியை நாள்தோறும் பயன்படுத்துவோர் அதைத் தமக்கேற்ப அமைத்துக்கொள்வது இயல்பு. கணினி நிரல் எழுதுவோருக்கும் அப்படியொரு கருவி உண்டு. அதற்கு நிரல் திருத்தி என்று பெயர். ‘கோட் எடிட்டர்’ என்று பலரும் அழைப்பது இதைத்தான்.

கட்டுரை எழுதப் பயன்படும் சொற்செயலியிலேயே நிரலையும் எழுதிவிட முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். சொற்செயலி, கட்டுரை அழகாகத் தோன்றவேண்டும் என்பதற்காக நாம் தட்டச்சு செய்யும் நேரான மேற்கோள்குறியை வளைந்த மேற்கோள்குறியாக மாற்றிவிடும். படிப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். பைத்தான் மொழிக்கோ இரண்டும் வெவ்வேறு. வளைந்த குறியைக் கண்டால் அது பிழை என்று சொல்லி நின்றுவிடும். நிரல் திருத்தி அவ்வாறு எதையும் அலங்கரிப்பதில்லை. நாம் எழுதிய எழுத்துகளை அப்படியே கோப்பில் சேமிக்கும். திரையில் மட்டும் நிரலின் பகுதிகளுக்கு வண்ணமிட்டுக் காட்டி, படிப்பதை எளிதாக்கும்.

சிங்கப்பூரில் இன்று உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தமக்கென ஒரு கற்றல் சாதனத்தை வைத்திருக்கின்றனர். கணினியியல் பாடத்தை எடுப்போர் பைத்தான் மொழியில் நிரல் எழுதுகின்றனர். அவர்களுள் பலர், நிரல் திருத்தியை நிறுவியதும் அது எப்படி இருக்கிறதோ அப்படியே பயன்படுத்தத் தொடங்கிவிடுகின்றனர். வேறு சிலர், காணொளியில் பார்த்த ஒருவரின் அமைப்பு முழுவதையும் நகலெடுத்துக்கொள்கின்றனர். இரு சாராருக்கும் ஒரே சிக்கல்தான் ஏற்படும். கருவி எதிர்பாராத வகையில் நடந்துகொண்டால், அதற்கான காரணம் அவர்களுக்குத் தெரியாது. ஆகவே, ஒவ்வோர் அமைப்பையும் காரணம் அறிந்து மாற்றுவது எப்படி என்பதைக் காண்போம்.

இயல்பமைப்பு எங்கிருந்து வந்தது?

மென்பொருளை நிறுவியவுடன் அதில் இருக்கும் அமைப்பை இயல்பமைப்பு என்கிறோம். இயல்பமைப்புதான் சரியானது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில், அது யாரோ ஒருவர் தம் சூழலுக்கு ஏற்ப எடுத்த முடிவு.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, 1976ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெர்க்லி நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் உருவாக்கிய ‘வி.ஐ.’ என்னும் திருத்தி. அதில் இடப்பக்கம், கீழே, மேலே, வலப்பக்கம் என நகர்வதற்கு முறையே எச், ஜே, கே, எல் ஆகிய விசைகளைப் பயன்படுத்தவேண்டும். இது என்ன விந்தை என்று தோன்றுகிறதா? அவர் பயன்படுத்திய ‘ஏ.டி.எம்.-3ஏ’ என்னும் முனையத்தில் அம்புக்குறிகளுக்கெனத் தனி விசைகள் இல்லை. அந்த நான்கு எழுத்து விசைகளின்மீதே அம்புக்குறிகள் அச்சிடப்பட்டிருந்தன. அதைப் போலவே, ஒரு செயலிலிருந்து வெளியேறப் பயன்படும் ‘எஸ்கேப்’ விசை, இன்று ‘டேப்’ விசை இருக்கும் இடத்தில் இருந்தது. விரலை நீட்டாமலேயே அதைத் தொட முடிந்தது.

பிறகு விசைப்பலகை மாறியது. எஸ்கேப் விசை மேல் மூலைக்குச் சென்றது. ஆனால், பழைய விசை முறை மாறவில்லை. வி.ஐ. திருத்தியைப் பின்பற்றி பிராம் மூலனார் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘விம்’ திருத்தியிலும் அதே முறைதான் இருந்தது. இன்று விம் பயன்படுத்துவோர் சிலர், அதிகம் பயன்படாத ‘கேப்ஸ் லாக்’ விசையை எஸ்கேப் விசையாக மாற்றி அமைத்துக்கொள்கின்றனர். அவர்கள் ஆடம்பரத்துக்காக அதைச் செய்யவில்லை. வேறொரு காலத்து விசைப்பலகைக்காக எடுக்கப்பட்ட முடிவைத் தம் கைக்கேற்பத் திருத்துகின்றனர்.

அமைப்பு எங்கே சேமிக்கப்படுகிறது?

இன்று மாணவர் பலர் பயன்படுத்தும் நிரல் திருத்தி, மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2015ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய ‘விஷுவல் ஸ்டூடியோ கோட்’. அதைச் சுருக்கமாக ‘வி.எஸ். கோட்’ என்பர். இக்கட்டுரையில் அதையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

விண்டோஸ் கணினியில் ‘கண்ட்ரோல்’ விசையையும் காற்புள்ளி விசையையும் சேர்த்து அழுத்தினால் அமைப்புப் பக்கம் திறக்கும். அங்கு நாம் செய்யும் மாற்றங்கள் யாவும் ஓர் எளிய உரைக்கோப்பில் எழுதப்படுகின்றன. ஒவ்வொரு வரியிலும் ஓர் அமைப்பின் பெயரும் அதன் மதிப்பும் இருக்கும். அந்தக் கோப்பை நாமே திறந்து படிக்கலாம், திருத்தலாம், வேறொரு கணினிக்குக் கொண்டும் செல்லலாம்.

அமைப்புகளில் இரண்டு நிலைகள் உண்டு. ஒன்று, பயனர் அமைப்பு. நீங்கள் திறக்கும் எல்லாக் கோப்புகளுக்கும் அது பொருந்தும். மற்றொன்று, பணியிட அமைப்பு. அது ஒரு குறிப்பிட்ட பணிக்குரிய கோப்புறைக்கு மட்டுமே பொருந்தும். இரண்டும் முரண்பட்டால் பணியிட அமைப்பே மேலோங்கும். இந்தப் பிரிவு குழுப்பணிக்கு மிகவும் உதவும். எழுத்தின் அளவும் வண்ணமும் அவரவர் விருப்பம். அவற்றைப் பயனர் அமைப்பில் வைத்துக்கொள்ளலாம். நிரலின் வடிவம் குழுவினர் அனைவருக்கும் பொதுவானது. அதைப் பணியிட அமைப்பில் வைக்கவேண்டும்.

கண்ணுக்கேற்ற எழுத்து

முதலில் கவனிக்கவேண்டியது எழுத்து. விண்டோஸ் கணினியில் வி.எஸ். கோட்டின் எழுத்தளவு தொடக்கத்தில் 14 ஆக இருக்கும். அது உங்களுக்குச் சிறியதாக இருந்தால், அமைப்புப் பக்கத்தில் ‘ஃபாண்ட் சைஸ்’ என்று தேடி 16 அல்லது 18 ஆக உயர்த்திக்கொள்ளுங்கள். திரையை நோக்கிக் குனிந்து குனிந்து படிப்பதைவிட எழுத்தைப் பெரிதாக்குவதே நல்லது.

அடுத்தது எழுத்துரு. நிரல் எழுதுவதற்கு எல்லா எழுத்துகளும் ஒரே அகலத்தில் அமையும் எழுத்துருவே ஏற்றது. அப்போதுதான் மேல்வரியும் கீழ்வரியும் நேராகப் பொருந்தும். மேலும், சுழியம் என்ற எண்ணும் ‘ஓ’ என்ற ஆங்கிலப் பேரெழுத்தும் ஒன்றுபோல் தோன்றக்கூடாது. எண் ஒன்று, சிறிய ‘எல்’, பெரிய ‘ஐ’ ஆகியவையும் அவ்வாறே. ஒரு மாறியின் பெயரில் சிறிய ‘எல்’ இருக்கவேண்டிய இடத்தில் எண் ஒன்றைத் தட்டிவிட்டால், நிரல் சரியாக இயங்காது. எழுத்துரு தெளிவாக இல்லையென்றால், அந்தப் பிழை கண்முன் இருந்தும் கண்ணில் படாது.

வண்ண அமைப்பைப் பொறுத்தவரை, கருமையான பின்னணி அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டும் அதைத் தேர்ந்தெடுக்கவேண்டாம். வெளிச்சம் மிகுந்த வகுப்பறையில் வெண்மையான பின்னணி படிப்பதற்கு எளிதாக இருக்கலாம். சிவப்பு, பச்சை நிறங்களை வேறுபடுத்திக் காண இயலாதவர்களும் நம்மிடையே உள்ளனர். அவர்களுக்கேற்ற வண்ண அமைப்புகளைத் தேடி நிறுவிக்கொள்ளலாம். பார்வைத்திறன் குறைந்தோருக்கான மிகு வேறுபாட்டு அமைப்புகள் வி.எஸ். கோட்டிலேயே இருக்கின்றன. ஒருவருக்கு வசதி தருவது மற்றொருவருக்கு இன்றியமையாத தேவையாக இருக்கக்கூடும்.

கண்ணுக்குத் தெரியாத இடைவெளி

பைத்தான் மொழியில் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளிக்குப் பொருள் உண்டு. இதை உள்தள்ளல் என்பர். ஐந்து மாணவர்களின் மதிப்பெண்களைக் கூட்டும் நிரல் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு மதிப்பெண்ணாக எடுத்துக் கூட்டுவதற்கு ‘லூப்’ எனப்படும் சுழற்சி தேவை. சுழற்சிக்கு உட்பட்ட வரிகள் உள்தள்ளி எழுதப்படும். மொத்த மதிப்பெண்ணைத் திரையில் காட்டும் கடைசி வரியை உள்தள்ளாமல் எழுதினால், விடை ஒருமுறை தோன்றும். அதே வரியை உள்தள்ளி எழுதிவிட்டால், கூட்டும் ஒவ்வொரு முறையும் ஓர் எண் என ஐந்து எண்கள் தோன்றும். எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. மாறியது இடைவெளி மட்டுமே.

இந்த இடைவெளியை இரண்டு வகையில் விடலாம். இடைவெளி விசையைப் பலமுறை தட்டலாம். அல்லது டேப் விசையை ஒருமுறை தட்டலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றினாலும், கோப்பில் வெவ்வேறு குறியீடுகளாகப் பதிவாகக்கூடும். ஒரே தொகுதியில் இரண்டையும் முறையின்றிக் கலந்தால், பைத்தானின் மூன்றாம் பதிப்பு நிரலை இயக்க மறுத்துவிடும். பைத்தான் நிரல்களுக்கான எழுத்துநடை வழிகாட்டி, ஒவ்வோர் உள்தள்ளலுக்கும் 4 இடைவெளிகளை விடுமாறு பரிந்துரைக்கிறது.

வி.எஸ். கோட்டின் இயல்பமைப்பில், டேப் விசையைத் தட்டினாலும் 4 இடைவெளிகளே பதிவாகும். அப்படியானால் சிக்கல் எப்படி வருகிறது? பழைய கோப்பு ஒன்றைத் திறக்கும்போது, அதில் ஏற்கெனவே எந்த முறை உள்ளது என்பதைத் திருத்தி தானாகவே கண்டறிந்து, அதையே பின்பற்றும். நண்பர் டேப் குறியீட்டைப் பயன்படுத்தி எழுதிய கோப்பில், நீங்கள் வேறோர் இடத்திலிருந்து நகலெடுத்த வரிகளை ஒட்டினால் இரண்டும் கலந்துவிடும்.

இதைத் தவிர்க்க இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, திரையின் அடிப்பகுதியிலுள்ள பட்டையைப் பார்ப்பது. அந்தக் கோப்பில் எந்த முறை பின்பற்றப்படுகிறது என்பதை அது காட்டும். அதைச் சொடுக்கிக் கோப்பு முழுவதையும் ஒரே முறைக்கு மாற்றவும் முடியும். இரண்டாவது, ‘ரெண்டர் ஒயிட்ஸ்பேஸ்’ என்னும் அமைப்பை மாற்றி, மறைந்திருக்கும் இடைவெளிகளை எப்போதும் காட்டச் செய்வது. அப்போது ஒவ்வோர் இடைவெளியும் சிறு புள்ளியாகவும், டேப் குறியீடு அம்புக்குறியாகவும் தெரியும். மணிக்கணக்கில் தேடவேண்டிய பிழையை இந்த ஓர் அமைப்பு நொடியில் காட்டிவிடும்.

சேமிக்கும் முறையையும் கவனியுங்கள். கணினியில் நிறுவப்படும் வி.எஸ். கோட்டில் தானாகச் சேமிக்கும் வசதி தொடக்கத்தில் அணைக்கப்பட்டிருக்கும். நிரலைத் திருத்திவிட்டுச் சேமிக்க மறந்தால், பழைய நிரலே இயங்கக்கூடும். ‘மாற்றியும் மாறவில்லையே’ என்று குழம்புவோர் முதலில் இதைச் சரிபார்க்கவேண்டும். ‘ஆட்டோ சேவ்’ அமைப்பை இயக்கிவிட்டால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீரும்.

தமிழும் நிரல் திருத்தியும்

நிரலுக்குள் தமிழையும் எழுதலாம். திரையில் தோன்றும் செய்தியையோ, நிரலை விளக்கும் குறிப்பையோ தமிழில் எழுதத் தடையில்லை. உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் வழங்கும் ஒருங்குறி முறையில் தமிழுக்கும் இடமுண்டு. கோப்பை ‘யூ.டி.எஃப்.-8’ முறையில் சேமித்தால் போதும். வி.எஸ். கோட்டின் இயல்பமைப்பும் அதுவே. வேறு முறையில் திறந்தால், தமிழ் எழுத்துகள் புரியாத குறிகளாகச் சிதறிவிடும்.

நிரல் எழுதுவதற்கான ஒரே அகல எழுத்துருக்கள் பெரும்பாலானவற்றில் தமிழ் எழுத்துகள் இருப்பதில்லை. அதனால், தமிழ் வரும் இடத்தில் மட்டும் கணினியிலுள்ள வேறொரு தமிழ் எழுத்துருவைத் திருத்தி பயன்படுத்திக்கொள்ளும். ஆப்பிள் கணினிகளில் உள்ள ‘தமிழ் சங்கம் எம்.என்.’ அத்தகைய எழுத்துருக்களுள் ஒன்று. அதை வடிவமைத்தவர் மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன். எழுத்துரு அமைப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்களை வரிசையாக எழுதலாம். முதலில் நிரலுக்கான எழுத்துருவையும் அடுத்துத் தமிழ் எழுத்துருவையும் குறிப்பிட்டால், இரண்டும் உங்கள் விருப்பப்படி அமையும்.

இன்னொன்றையும் அறிந்துகொள்ளுங்கள். ‘தமிழ்’ என்ற சொல்லில் மூன்று எழுத்துகள் உள்ளன. பைத்தானிடம் அதன் நீளத்தைக் கேட்டால் ஐந்து என்று விடை வரும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து ஒருங்குறிகளை அது எண்ணுகிறது. இது திருத்தியின் பிழையோ அமைப்பின் பிழையோ இல்லை; கணினி தமிழைச் சேமிக்கும் முறை அது. எதை அமைப்பால் மாற்றலாம், எதை நிரலால் கையாளவேண்டும் என்று பிரித்தறிவதும் ஒரு திறனாகும்.

நீட்சிகள்: உதவியும் ஆபத்தும்

திருத்தியில் இல்லாத வசதிகளைச் சேர்க்க உதவும் சிறு மென்பொருள்கள் நீட்சிகள் எனப்படும். பைத்தான் நிரலில் உள்ள பிழைகளைச் சுட்டிக்காட்ட ஒரு நீட்சி, நிரலை ஒழுங்குபடுத்த ஒரு நீட்சி என அவை ஏராளமாக உள்ளன. பெரும்பாலானவை இலவசம். அதனால், கண்ணில் பட்டதையெல்லாம் நிறுவிவிடும் ஆவல் எழுவது இயற்கை.

ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது. திருத்திக்கு உங்கள் கணினியில் என்னென்ன உரிமைகள் உண்டோ, அவை நீட்சிக்கும் கிடைக்கின்றன. அதாவது, அது உங்கள் கோப்புகளைப் படிக்கலாம். இணையத்துடன் தொடர்பு கொள்ளலாம். தீங்கு செய்யும் நீட்சிகள் நல்லவைபோல் வேடமிட்டு வெளிவந்து, பின்னர் கண்டறியப்பட்டு நீக்கப்பட்டதும் உண்டு. ஆகவே, நிறுவுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதை வெளியிட்டவர் யார்? இது எனக்கு உண்மையிலேயே தேவையா? இதன் வேலையைத் திருத்தியே செய்யாதா? பள்ளியின் கற்றல் சாதனமாக இருந்தால், ஆசிரியரிடம் கேட்டுவிட்டு நிறுவுவதே முறை.

யார் சிந்திப்பது?

ஒரு பெயரின் முதல் சில எழுத்துகளைத் தட்டியதும் முழுப் பெயரையும் திருத்தி பரிந்துரைக்கும். இது எழுத்துப்பிழையைக் குறைக்கும், நேரத்தையும் மிச்சப்படுத்தும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளோ இன்னும் ஒரு படி மேலே சென்று, முழு நிரலையே எழுதித் தருகின்றன. அனுபவமுள்ள நிரலர் அதைப் படித்துச் சரிபிழை காண்பார். நிரலாக்கம் கற்கத் தொடங்கும் மாணவரால் அதைச் சரிபார்க்க முடியுமா?

சுழற்சி எப்படி இயங்குகிறது என்று நீங்கள் எண்ணிப் பார்ப்பதற்குள், விடை சாம்பல்நிற எழுத்தில் திரையில் வந்து நின்றால், எண்ணிப் பார்க்கும் வாய்ப்பே போய்விடும். அந்தச் சிந்தனையில்தான் கற்றல் நிகழ்கிறது. எனவே, புதிய பாடத்தைப் பயிலும்போது அந்த வசதியை அணைத்துவிட்டு, நன்கு தெரிந்த வேலையைச் செய்யும்போது மட்டும் இயக்கிக்கொள்ளலாம். எதை இயக்குவது என்பதைப் போலவே, எதை அணைப்பது என்பதும் அமைப்பின் ஒரு பகுதிதான்.

தேர்வறையிலோ நண்பரின் கணினியிலோ உங்கள் அமைப்பு இருக்காது. அங்கும் உங்களால் நிரல் எழுத முடியவேண்டும். வாரம் ஒருமுறையாவது எந்த உதவியும் இல்லாத எளிய திருத்தியில் எழுதிப் பழகுங்கள். எது உங்கள் அறிவு, எது கருவியின் உதவி என்பது அப்போது விளங்கிவிடும்.

ஒவ்வொன்றாக மாற்றுவோம்

இனி, உங்கள் அமைப்பை உருவாக்கத் தொடங்கலாம். ஒரே நாளில் இருபது மாற்றங்களைச் செய்யாதீர்கள். ஒன்றை மாற்றுங்கள், சில நாள்கள் பயன்படுத்திப் பாருங்கள், உதவினால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையேல் நீக்கிவிடுங்கள். வி.எஸ். கோட்டின் அமைப்புக் கோப்பில், இரண்டு சாய்கோடுகளை இட்டு அதற்குப் பின்னால் குறிப்பு எழுதலாம். ‘கண் வலிக்காமல் இருக்க எழுத்தைப் பெரிதாக்கினேன்’ என்பதுபோல் ஒவ்வொரு வரிக்கும் காரணத்தை எழுதிவையுங்கள். காரணம் எழுத முடியாத வரி, உங்களுக்குத் தேவையற்ற வரியாக இருக்கக்கூடும்.

மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்க ‘கிட்’ போன்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளைப் பயன்படுத்தலாம். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டில் உருவாக்கிய கிட், கோப்பின் பழைய நிலைகளையெல்லாம் நினைவில் வைத்திருக்கும். ஏதேனும் கெட்டுப்போனால், முந்தைய நிலைக்குத் திரும்பிவிடலாம். அமைப்புக் கோப்பை இணையத்தில் பிறரோடு பகிர்வதும் நிரலரிடையே வழக்கம். பகிர்வதற்கு முன், மறைச்சொல்லோ தனிப்பட்ட விவரமோ அதில் இல்லை என்பதை உறுதிசெய்யுங்கள். பிறரின் கோப்பைப் பார்த்துக் கற்பதும் நல்லதே. ஆனால், புரிந்த வரிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆடத் தெரியாதவர் மேடை கோணல் என்றாராம். வண்ணத்தை மாற்றுவதிலும் எழுத்துருவைத் தேடுவதிலும் மாலைப்பொழுது முழுவதையும் கழித்துவிட்டு, ஒரு வரி நிரல்கூட எழுதாமல் கணினியை மூடுவதால் பயனில்லை. அமைப்புக்கென ஓர் அரைமணி நேரத்தை வரையறுத்துக்கொள்ளுங்கள். மீதி நேரத்தில் நிரல் எழுதுங்கள். எழுதும்போது ஏற்படும் இடையூறே அடுத்து எதை மாற்றவேண்டும் என்று உங்களுக்குச் சொல்லும்.

இன்று மாலை உங்கள் நிரல் திருத்தியின் அமைப்புக் கோப்பைத் திறந்து பாருங்கள். இதுவரை எதையும் மாற்றியிராதவர்களுக்கு அது ஏறக்குறைய வெறுமையாகவே இருக்கும். அதில் நீங்கள் எழுதும் முதல் வரி எதுவாக இருந்தாலும், ‘இதை ஏன் மாற்றினாய்?’ என்று யாரேனும் கேட்டால், தயங்காமல் விடை சொல்லக்கூடியதாக அது இருக்கட்டும்.